வேகமான செடானைப் பத்து வருடம் வைத்திருந்தால் என்ன செலவாகும்?

நீங்கள் கேட்டது இது: வீட்டில் நான்கு பேர். பின்சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் வசதியாக உட்கார வேண்டும், டிக்கியில் பெட்டிகள் அடங்க வேண்டும், ஓட்டுகிறவருக்கும் ஆசை தீர வேண்டும். புதிய சாதாரண செடான் ஒன்றின் விலைக்கே ஆறேழு வருடம் ஓடிய அதிவேக செடானான பி.எம்.டபிள்யூ. எம்5-ஓ மெர்சிடிஸ் இ63-ஓ கிடைக்கிறது. அதை வாங்கிப் பத்து வருடம் வைத்திருந்தால் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும் வண்டிகளும் இருக்கின்றன, குடும்பத்தின் சேமிப்பையே கரைத்துவிடும் வண்டிகளும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குதிரைத்திறனை வைத்தும் சொல்லிவிட முடியாது. 476 குதிரைத்திறன் உள்ள ஒரு வண்டியின் இன்ஜின், 344 குதிரைத்திறன் உள்ள இன்னொன்றின் இன்ஜினைவிடப் பல மடங்கு நிம்மதியாக ஓடியிருக்கிறது. அந்த இரண்டையும் கீழே பெயர் சொல்லியே எழுதுகிறேன்.

அதற்கு முன் அடிப்படையான ஒரு விஷயம். வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது, பல சமயம் ஏறும். புதிதாக இருந்தபோது சாதாரண செடானைப்போல மூன்று மடங்கு விலை விற்ற வண்டியை நீங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கலாம். ஆனால் அதன் ஷாக் அப்சார்பரும் பிரேக் டிஸ்க்கும் ஹெட்லைட்டும் இன்றைக்கும் அந்த மூன்று மடங்கு வண்டிக்கான விலையில்தான் வரும். யானை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிக் கட்டிவிட்டால், தீனி யானைக்கான தீனியாகத்தான் போட வேண்டியிருக்கும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். புது விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடம் கழித்து நீங்கள் 35-க்கு வாங்குகிறீர்கள். இந்த ரக வண்டிக்கு சர்வீஸ், டயர், பிரேக், ரிப்பேர் எல்லாம் சேர்த்து, பெட்ரோலும் இன்ஷூரன்சும் இல்லாமல், வருடத்துக்குப் புது விலையில் 2 முதல் 3 சதவீதம் என்று நான் கணக்கு வைப்பேன். பத்து வருடத்தில் 20 முதல் 30. அதாவது வாங்கின விலையான 35-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இன்னொரு தடவை அதே வண்டியை வாங்குவதுபோலத்தான். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால், தாராளமாக வாங்கலாம். வாங்கி இரண்டு வருடம் கழித்து இதே கணக்கை முதல் முறையாகப் பார்க்கிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள்.

தேய்மானத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புதிதாக வாங்குகிறவருக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, நான்கைந்து வருடத்தில் பாதி விலை போவது சகஜம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவருக்கு அந்தச் செலவை முதல் உரிமையாளர் ஏற்கனவே கட்டிவிட்டார். 35-க்கு வாங்கியது பத்து வருடத்தில் 10-க்கு வந்தாலும் நட்டம் 25. புதிய சாதாரண செடானிலும் ஏறக்குறைய அதே நட்டம்தான் வரும். ஆகவே உங்கள் விஷயத்தில் தேய்மானத்தை இரண்டு பக்கமும் அடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

பெட்ரோல் கணக்கு எளிது. வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 1,250 லிட்டர் வேண்டும். 7 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 2,140 லிட்டர். பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 9,000 லிட்டர் கூடுதல். அதிலும் இந்த இன்ஜின்கள் உயர் ஆக்டேன் பெட்ரோல் கேட்கும். சாதாரண பெட்ரோல் ஊற்றினால் உடனே ஒன்றும் ஆகாது. பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் கவனித்து, பிளக் பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும், வேகம் குறையும், மைலேஜும் குறையும். மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

டயர் விஷயத்தைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சாதாரண செடானின் டயர் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும். ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மூன்று செட் போதும். வேக வண்டியின் மென்மையான ரப்பர் இருபதிலிருந்து இருபத்தைந்தாயிரத்தில் முடிந்துவிடும். அதே தூரத்துக்கு ஆறேழு செட், ஒவ்வொரு டயரும் இரண்டு மூன்று மடங்கு விலை. பல வண்டிகளில் பின்டயர் முன்டயரைவிட அகலம். அதனால் முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை. நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு டயர் மட்டும் கிழிந்து அதற்குப் புதிது போட்டால், மற்ற மூன்றோடு அதன் சுற்றளவு ஒத்துப்போகாது. சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் ஓடும்போதெல்லாம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தைத் தன் கிளட்சில் வாங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பள்ளத்தில் விழுந்ததற்கு நான்கு டயர் வாங்குவது இப்படித்தான் வருகிறது.

பிரேக்கும் அதே கதை. எடை கூடக் கூட எல்லாம் பெரிதாகிறது. 1985-இல் வந்த முதல் எம்5-இன் எடை சுமார் 1,430 கிலோ, 286 குதிரைத்திறன். 2024-இல் வந்த ஹைப்ரிட் எம்5 727 குதிரைத்திறனோடு 2,400 கிலோவைத் தாண்டி நிற்கிறது. அந்த ஆயிரம் கிலோவையும் ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தியாக வேண்டும். இந்த ரகத்தில் பேட் மாற்றும்போது பெரும்பாலும் டிஸ்க்கும் சேர்ந்தே மாற்ற வேண்டிவரும். கார்பன் செராமிக் பிரேக் என்றால் எடை பாதி, தெருவில் ஓட்டினால் வெகுநாள் உழைக்கும், தூசியும் அவ்வளவாக வராது. ஆனால் ஒரு டிஸ்க் விளிம்பில் சில்லு பெயர்ந்தால் அதற்கு ஆகும் செலவு ஒரு வருட சர்வீஸை விழுங்கிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் இரும்பு டிஸ்க் உள்ள வண்டியைத் தேடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இனி இன்ஜின். பணம் பெரிதாகப் போவதும் மிச்சமாவதும் இங்கேதான்.

முதலில் சொன்ன அந்த இரண்டு வண்டிகள். 344 குதிரைத்திறன் வண்டி 2003-இல் வந்த ஆடி எஸ்4, 4.2 லிட்டர் வி8, அதாவது வி வடிவில் எட்டு சிலிண்டர் உள்ள இன்ஜின். அந்தச் சிறிய மூக்குக்குள் அவ்வளவு பெரிய இன்ஜினை அடக்க, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின்களை இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். செயினை இழுத்துப் பிடிக்கும் கைடுகள் பிளாஸ்டிக். வயதானால் தேயும், உடையும். பொருள் என்னவோ சின்னதுதான், ஆனால் அதைத் தொடவே இன்ஜினைக் கீழே இறக்கியாக வேண்டும். அந்த வேலையின் பில் பல சமயம் வண்டியின் அன்றைய சந்தை விலையைத் தொட்டுவிடுகிறது. ஆகவே நிறைய எஸ்4 வண்டிகள் நல்ல பெயின்ட்டோடு, நல்ல சீட்டோடு, செயின் சத்தம் வந்த நாளில் ஓரங்கட்டப்பட்டன.

476 குதிரைத்திறன் வண்டி அதே காலத்து மெர்சிடிஸ் இ55 ஏ.எம்.ஜி. 5.4 லிட்டர் வி8 மேல், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒரு சூப்பர்சார்ஜர். ஒரு சிலிண்டருக்கு மூன்று வால்வு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. காகிதத்தில் பார்த்தால் பழைய பாணி. ஆனால் இன்ஜினும் அந்த ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸும் அசராமல் உழைப்பவை. தொல்லை வருவது சுற்றியிருக்கிற மற்ற சாமான்களில்: ஏர் சஸ்பென்ஷன் பைகள், இன்டர்கூலருக்குத் தண்ணீர் ஓட்டும் சின்ன பம்ப், அப்புறம் எஸ்.பி.சி. என்ற மின்னணு பிரேக் யூனிட். அந்த யூனிட் எத்தனை முறை பிரேக் அழுத்தினோம் என்று தானே எண்ணிக்கொண்டு, கணக்கு முடிந்ததும் டாஷ்போர்டில் எச்சரிக்கை போடும்.

அதற்கு அடுத்து வந்த இ63-இல் 6.2 லிட்டர் இன்ஜின். சத்தமும் இழுப்பும் மறக்க முடியாதவை. ஆனால் ஆரம்ப ஆண்டுகளின் இன்ஜினில் ஹெட் போல்ட்கள் அரித்து முறியும், கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் தேயும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த இன்ஜின்கள். ஆனாலும் செலவு முற்றிலும் வேறு. இதனால்தான் பிராண்ட் பெயரை வைத்து "இது உழைக்கும், அது உழைக்காது" என்று சொல்கிற பேச்சை நான் கேட்டுக்கொள்வதில்லை. இன்ஜினின் குறியீட்டு எண்ணைக் கேளுங்கள், அதன் சரித்திரத்தைப் படியுங்கள்.

2005-இல் வந்த எம்5-இன் வி10 இன்னொரு பாடம். 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றுக்கு மேல் பாடும் இன்ஜின். பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் அதன் பலவீனம். பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவில் ஆயில் நுழைய இடைவெளி போதவில்லை, ஊற்றச் சொன்ன 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ரக ஆயிலோ குளிரில் தடித்துக் கிடக்கும் என்பது மெக்கானிக்குகள் பரவலாகச் சொல்லும் காரணம். பேரிங்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் கதை முழுதும் தெரியும். நல்ல பேரிங்கின் உள்பக்கம் ஒரே சாம்பல் நிறமாக மழமழவென்று இருக்கும். தேய்ந்ததில் நடுவில் செம்பு நிறம் எட்டிப் பார்க்கும். செம்பு தெரிந்த பிறகும் இன்ஜின் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், சத்தம் வருகிற அன்று கிராங்க் ஷாஃப்டும் சேர்ந்து போயிருக்கும். அதே குடும்பத்து வி8 போட்ட அந்தக் காலத்து எம்3 செடானுக்கும் இது பொருந்தும். விவரம் தெரிந்தவர்கள் ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்கில் பேரிங்கை முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். இன்ஜினை இறக்காமல், கீழிருந்து ஆயில் பேனைக் கழற்றிச் செய்கிற வேலைதான். அந்த பில் கையில் இருக்கிற வண்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

அதன் பிறகு டர்போ காலம். 2008-லிருந்து பி.எம்.டபிள்யூ. தன் வி8-இல் டர்போக்களை இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, பள்ளத்தில் வைத்தது. புகை டர்போவுக்குப் போகும் பாதை சுருங்கியதால் இழுப்பு சட்டென்று வரும். ஆனால் அந்தச் சூடெல்லாம் இன்ஜினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். சுற்றியுள்ள ரப்பர் குழாய், பிளாஸ்டிக் இணைப்பு, வயர், வால்வ் சீல் எல்லாம் வறண்டு இறுகும். சீல் இறுகினால் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். இப்படிப்பட்ட இன்ஜினில் தனித்தனியாக எதுவும் பெரிய கோளாறாக இல்லாவிட்டாலும், பத்தாவது வருடத்துக்கு மேல் வாரம் ஒரு கசிவு என்ற நிலைமை வரக்கூடும்.

டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸின் ஐ.எஸ்.எஃப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் நியாயமாக இருக்காது. 2008 முதல் 2014 வரை விற்றார்கள். ஐந்து லிட்டர் வி8, டர்போ கிடையாது, 423 குதிரைத்திறன். நேரடியாகச் சிலிண்டருக்குள் மட்டும் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படாது. ஆயில் ஆவி மட்டும் படிந்து, வால்வின் கழுத்தில் கரிக்கட்டிபோல ஏறிவிடும். எழுபது எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை வால்நட் ஓட்டின் தூளைப் பீய்ச்சி அதைச் சுரண்ட வேண்டும். ஐ.எஸ்.எஃப் இன்ஜினில் இரண்டு வகை இன்ஜெக்டரும் உண்டு, வால்வின் மேலும் பெட்ரோல் படுவதால் அந்த வேலை பெரும்பாலும் வருவதில்லை. சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலிருக்கும் தகட்டில் கூலன்ட் கசிவது இதன் தெரிந்த குறை. அது தவிர இந்த இன்ஜின் இந்த ரகத்திலேயே நிம்மதியானது என்று தயங்காமல் சொல்வேன். பின்சீட் கொஞ்சம் நெருக்கம். பிள்ளைகள் வளர்ந்து முழங்கால் இடித்தால் உங்களிடம்தான் புகார் வரும்.

இங்கே ஒரு இடைச்செருகல். இன்ஜினைப் பற்றியே பேசுகிறோம், ஆனால் பழைய வண்டியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயரும்தான். 1990-களின் மெர்சிடிஸ் 500இ இதற்கு நல்ல சாட்சி. போர்ஷே கம்பெனியின் உதவியோடு, பாதி வேலை அவர்கள் ஆலையில், மீதி மெர்சிடிஸ் ஆலையில் என்று மாறி மாறிக் கட்டிய வண்டி அது. அந்த ஐந்து லிட்டர் வி8 இரும்பாக உழைக்கும். ஆனால் அந்தக் காலத்து மெர்சிடிஸ் இன்ஜின் வயரிங்கின் மேலுறை சூட்டில் காய்ந்து, தொட்டால் உதிர்ந்துவிடும். செம்புக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசும், வண்டி காரணமே தெரியாமல் இடறும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்குகிற இன்ஜினை, ஒரு வயர் உறை நிறுத்திவிட்டது.

உங்கள் குடும்பப் பயன்பாட்டைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர், கடை இரண்டு கிலோமீட்டர் என்ற ஓட்டம் இந்த இன்ஜின்களுக்கு ரேஸ் ட்ராக்கைவிடக் கெடுதல். கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டால் சூடாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் எட்டு ஒன்பது லிட்டர் ஆயில் சூடாக அதைப்போல இன்னொரு மடங்கு நேரம் ஆகும். அதற்குள் வீடு வந்துவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கும், ஆயில் நீர்த்துப்போகும். அந்தப் பேரிங்கும் டர்போவும் நம்பியிருப்பது அந்த ஆயிலைத்தான். சின்னச் சின்ன ஓட்டம்தான் உங்கள் வாழ்க்கை என்றால், அதற்கு வேறொரு சின்ன வண்டி வைத்துக்கொள்வது ஆடம்பரமாகத் தெரிந்தாலும் செலவில் குறைவு. அது முடியாது என்றால் வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். ஆயில் சூடாகும்வரை மூவாயிரம் சுற்றைத் தாண்டாதீர்கள்.

ஆயில் மாற்றும் இடைவெளி என்று கம்பெனி சொல்வது 15,000 முதல் 25,000 கிலோமீட்டர் வரை போகும். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவர் அதைப் பின்பற்றக் கூடாது. எட்டாயிரத்துக்கு ஒரு முறை, இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு முறை. கியர்பாக்ஸ் ஆயில் விஷயம் இன்னும் மோசம். "ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம்" என்று கார் கம்பெனிகள் எழுதுகின்றன. அந்த கியர்பாக்ஸைச் செய்து கொடுக்கும் இசட்.எஃப் கம்பெனியே எண்பதாயிரம் முதல் ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேளுங்கள். அதன் எட்டு கியர் பாக்ஸில் பெரும்பாலான வண்டிகளுக்கு ஃபில்டர், ஆயில் பேனோடு ஒட்டியே வரும். அதனால் பேன் முழுதும் மாற்ற வேண்டும். கொஞ்சம் செலவுதான், புது கியர்பாக்ஸின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. 2002-இன் ஆடி ஆர்.எஸ்6-இல் இரட்டை டர்போ வி8-இன் முறுக்குவிசை அதன் ஐந்து கியர் பாக்ஸின் தாங்கும் எல்லையிலேயே இருந்தது. கியர்பாக்ஸ் போனதால் விற்கப்பட்டவை அவற்றில் நிறைய.

சரி, எதை வாங்கலாம்? உச்சத்தில் இருக்கிற பி.எம்.டபிள்யூ.வின் எம், மெர்சிடிஸின் ஏ.எம்.ஜி, ஆடியின் ஆர்.எஸ். வகைகளுக்கு ஒரு படி கீழே பாருங்கள் என்பதே என் திடமான கருத்து. 2015-இல் வந்த பி.எம்.டபிள்யூ. 340ஐ ஒரு நல்ல உதாரணம். பி58 என்ற மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், 326 குதிரைத்திறன். இதிலும் செயின் பின்பக்கம்தான் இருக்கிறது, ஆனால் எஸ்4 மாதிரி கெட்ட பெயர் வாங்கவில்லை. ஆயில் ஃபில்டரைத் தாங்கும் பிளாஸ்டிக் ஹவுசிங் வயதானால் கசியும், வெப்பத்தில் கூலன்ட் குழாய்கள் இறுகும், அவ்வளவுதான் பெரும்பாலும். லட்சக்கணக்கில் விற்ற சாதாரண 3 சீரிஸின் பிரேக்கும் புஷ்ஷும் ஷாக்கும் இதற்கு அப்படியே, அல்லது சின்ன மாற்றத்தோடு பொருந்தும். அதனால் பல கம்பெனிகள் பார்ட்ஸ் செய்கின்றன, விலை இறங்குகிறது. எம்3-க்கு மட்டும் என்று செய்த பாகத்துக்கு இந்தச் சலுகை இல்லை. சாலையில் நான்கு பேரோடு போகும்போது 326-க்கும் 430-க்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் உணரக்கூடிய நொடிகள் மிகக் குறைவு.

இன்னும் அமைதியான வழியும் உண்டு. டொயோட்டா கேம்ரியின் 3.5 லிட்டர் வி6-உம், 2018 முதல் 2022 வரை ஹோண்டா அக்கார்டில் வந்த இரண்டு லிட்டர் டர்போவும் யாரும் திரும்பிப் பார்க்காத வேக வண்டிகள். பிந்தையது சிவிக் டைப் ஆர் இன்ஜினின் உடன்பிறப்பு. வளைவுகளில் எம்5 தரும் இன்பத்தைத் தராது. ஆனால் பார்ட்ஸ் கிடைப்பது, மெக்கானிக் கிடைப்பது, இன்ஷூரன்ஸ் எல்லாமே சாதாரண வண்டியின் கணக்கில் போகும்.

அமெரிக்க வி8 செடான்களின் இன்ஜின் செலவும் குறைவு. கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருக்கும் எளிய அமைப்பு, அதே குடும்பத்து இன்ஜின் லாரிகளிலும் ஓடுகிறது. ஆனால் வண்டியின் வெளிப் பாகங்களைக் கவனியுங்கள். 2014 முதல் 2017 வரை விற்ற செவ்ரோலே எஸ்.எஸ். ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் செய்த வண்டி, அங்கே கார் உற்பத்தியே 2017-இல் நின்றுவிட்டது. இன்ஜினுக்கு எதுவும் கிடைக்கும், ஒரு பம்பரோ ஹெட்லைட்டோ உடைந்தால் மாதக்கணக்கில் தேட வேண்டும்.

மின்சார வேக செடானையும் விட்டுவிடக் கூடாது. டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸுக்கு பேட்டரி உத்தரவாதம் எட்டு வருடம் அல்லது 1,92,000 கிலோமீட்டர், 70 சதவீதக் கொள்ளளவுக்குக் கீழே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆயில் இல்லை, செயின் இல்லை, மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் பேட் வெகுநாள் வரும். டயர் மட்டும் வேகமாகத் தேயும், எடையும் உடனடி இழுப்பும் காரணம். இங்கே ஆபத்து விபத்துச் செலவிலும், உத்தரவாதம் முடிந்த பிறகு பேட்டரியிலும் இருக்கிறது. பள்ளிக்கூடம், கடை என்ற ஓட்டத்துக்கு மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது பொருத்தம், குளிர்ந்த ஆயில் என்ற பிரச்சினையே இல்லை.

வண்டி பார்க்கப் போகும்போது, வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பலாம். குளிர்ந்த இன்ஜினின் முதல் இரண்டு மூன்று நொடிகளில்தான் செயின் பேசும். பத்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரைத் தட்டுங்கள். பின்னால் நீலப் புகை ஒரு கொத்து வந்தால் வால்வ் சீல் போய்க்கொண்டிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால், ஆயிலிலும் அந்த உரிமையாளர் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார். பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மேடு தட்டுப்பட்டால் தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்ச தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். கூலன்ட் டேங்க்கின் பிளாஸ்டிக் மஞ்சள் பாய்ந்திருந்தால் அடுத்து மாற்ற வேண்டியவை என்னென்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எம் வண்டி என்றால் 2,000 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய முதல் சர்வீஸ் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். மென்பொருளை மாற்றி இழுப்பைக் கூட்டும் ட்யூனிங் செய்து, பிறகு பழையபடி மாற்றிய வண்டியை மட்டும் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள். மென்பொருளைத் திருப்பி எழுதலாம், கியர்பாக்ஸ் கிளட்ச் பட்ட அடியைத் திருப்ப முடியாது.

உங்கள் கையில் இருக்கும் பணத்தில் கால் பங்கை முதல் வருடத்துக்கென்று தனியாக ஒதுக்கிவிட்டு, மீதி முக்கால் பங்குக்கு வண்டி தேடுங்கள். வாங்கின முதல் மாதத்திலேயே இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில்கள், பிரேக் ஆயில், கூலன்ட், பிளக் எல்லாவற்றையும் மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். எம்5 மேல்தான் மனது இருக்கிறது என்றால், கம்பெனியின் நீட்டித்த உத்தரவாதம் கிடைக்கிற வயதில் உள்ள வண்டியாகப் பார்த்து அதையும் சேர்த்து வாங்குங்கள், அந்த உத்தரவாதம் முடிகிற வருடத்தை விற்கிற வருடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் நிச்சயம் வைத்திருக்க வேண்டும் என்றால் 340ஐ ரகம், அல்லது நன்றாகப் பராமரித்த ஐ.எஸ்.எஃப். உங்கள் இடத்தில் நான் இருந்தால் 340ஐ-க்குப் போவேன், பின்சீட்டில் பிள்ளைகளுக்குக் கால் நீட்டவும் கொஞ்சம் இடம் கூடுதல்.